சீமென்ஸ் கம்பெனியின் நாணயம்

பெரிய கோவிலில் இருக்கிற சாமிக்குப் பெரிய சக்தி இருக்கும் என்று நினைக்கிற நம் மக்கள், பெரிய கம்பெனியிடத்தில் பெரிய நாணயம் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் கடைக்காரன் படியில் ஏமாற்றுவான், தராசில் ஏமாற்றுவான். உலகமெல்லாம் கிளை வைத்திருக்கிற கம்பெனிக்காரன் எதற்காக ஏமாற்றப் போகிறான், அவனுக்கு என்ன குறைச்சல் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்னவென்று கேட்டால், கட்டடம் பெரிது, கணக்கப்பிள்ளைகள் அதிகம், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. ஆதலால் ஜெர்மனி தேசத்து சீமென்ஸ் என்னும் யந்திரக் கம்பெனியின் சங்கதியைக் கொஞ்சம் விவரமாகவே இங்கு எழுதுகிறோம்.

இது சாமானியமான கம்பெனி அல்ல. 1847-ல் பெர்லின் நகரத்தில் வெர்னர் சீமென்ஸ் என்பவரும் ஹால்ஸ்கே என்பவரும் சேர்ந்து, தந்திக் கருவி செய்கிற ஒரு சிறு பட்டறையாக ஆரம்பித்தது. 1870-ல் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையில் சுமார் 11,000 கிலோமீட்டர் தூரத்திற்குத் தந்திப் பாதை அமைந்தது இவர்களுடைய முயற்சியினால்தான். 1879-ல் பெர்லின் கண்காட்சியில் மின்சாரத்தினால் ரயில் ஓட்டிக் காட்டினார்கள். பல மாதம் கடலில் மிதந்துவந்த கடிதச் சேதியைச் சில நிமிஷத்தில் கொண்டுவந்து சேர்த்த அறிவை நாம் குறைத்துப் பேசவில்லை. யந்திரம் என்றாலே பாவம் என்று பேசுகிற கூட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அவர்கள் இந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, யந்திர நாகரிகத்தின் கதியை!” என்று சந்தோஷப்பட வேண்டாம். யந்திரம் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதை விற்கிறவர்களின் நிர்வாக முறையைப் பற்றியே பேச்சு.

2006-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி மியூனிக் நகரத்துப் போலீசார் இந்தக் கம்பெனியின் ஆபீசுகளிலும் அதிகாரிகள் வீடுகளிலும் புகுந்து சோதனை போட்டார்கள். அதன்பின் இரண்டு வருஷம் நடந்த விசாரணையில் வெளியான கணக்கைக் கேளுங்கள். 2001 மார்ச்சு முதல் 2007 செப்டம்பர் வரையிலான ஆறரை வருஷத்தில் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் போய்ச் சேர்ந்த லஞ்சம், அமெரிக்க அதிகாரிகள் எண்ணிய அளவில், குறைந்தபட்சம் 4,283 தடவை. தொகை சுமார் 140 கோடி டாலர். அதாவது ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடாமல் நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ நடந்திருக்கிறது. நித்திய பூஜை நடக்கிற கோவில்களில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்குமோ என்பது சந்தேகம்.

பணம் போன வழியைப் பார்த்தால் இது யாரோ ஒரு குமாஸ்தா தலைமறைவாகச் செய்த காரியம் அல்ல என்பது தானே விளங்கும். கம்பெனியின் ஆபீசுக்குள்ளேயே இதற்கென்று ரொக்க மேஜைகள் இருந்தன. சிப்பந்தி வெறும் பெட்டியோடு வருவான். ஒரே தடவையில் 10 லட்சம் யூரோ வரையில் நிரப்பிக்கொண்டு போகலாம். கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு: எந்தப் பணமானாலும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகவேண்டும். நல்ல சட்டம்தான். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கையெழுத்தைக் காகிதத்தில் போடாமல், பிய்த்து எடுக்கக்கூடிய சிறு ஒட்டுச்சீட்டில் போட்டு அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். காரியம் முடிந்ததும் சீட்டைப் பிய்த்துவிட்டால் கையெழுத்தும் இல்லை, கையெழுத்துப் போட்டவனும் இல்லை. சட்டத்தையும் காப்பாற்றியாயிற்று, ஆளையும் காப்பாற்றியாயிற்று! சாஸ்திரத்தில் விதியையும் விதிவிலக்கையும் ஒருவரே எழுதிவைத்துக்கொண்ட சாமர்த்தியத்திற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

மற்றொரு வழி ‘ஆலோசகர்’ என்பது. ஊர் ஊருக்கு, நாட்டுக்கு நாடு, கம்பெனிக்கு ஆலோசகர்கள் இருந்தார்கள். என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கூலி மாத்திரம் லட்சக்கணக்கில். பக்தனுக்கும் சாமிக்கும் நடுவில் புரோகிதன் நிற்பதுபோல, கம்பெனிக்கும் மந்திரிக்கும் நடுவில் இந்த ஆலோசகன். தட்சணை எங்கே போயிற்று என்று பக்தனும் கேட்பதில்லை, சாமியும் சொல்வதில்லை.

இதற்குக் கம்பெனிப் பக்கத்தில் பேசுகிறவர்கள் சொல்லுகிற சமாதானம் ஒன்று உண்டு. “அந்த நாடுகளில் எல்லாம் லஞ்சம் கொடுக்காமல் காரியம் நடக்காது, அது அங்கத்திய வழக்கம்” என்கிறார்கள். தன் வீட்டில் செய்யக்கூசுகிற காரியத்தை ஏழை நாட்டில் செய்துவிட்டு, பழியையும் அந்த ஏழை நாட்டின் தலையிலேயே கட்டுகிற புத்தி இது. கொடுக்கிறவன் வழக்கம் என்ன என்பதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுக்கும் லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் கணக்கெழுதி வருமானவரியில் கழித்துக்கொள்ள 1999 வரையில் ஜெர்மன் சர்க்காரே இடங்கொடுத்திருந்தது. அந்த வருஷத்தில்தான் அது குற்றம் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ அப்படிப்பட்ட சட்டம் 1977 முதல் உண்டு. 2001-ல் சீமென்ஸ் பங்குகளை நியூயார்க்கில் விற்கப்போனபோது அந்தச் சட்டத்திற்கும் உட்பட்டார்கள். ஆக, இரண்டு சட்டமும் தெரிந்து, வக்கீல்களும் அருகிலிருந்து, அதன்பிறகு நடந்ததே மேலே சொன்ன 4,283 தடவையும்.

வங்காளதேசத்தில் சர்க்கார் செல்பேசித் திட்டத்திற்காகச் சுமார் 4 கோடி டாலர் கண்டிராக்டைப் பெற, குறைந்தது 53 லட்சம் டாலர் லஞ்சம் கொடுத்தார்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேல்! இந்தப் பணத்தைக் கம்பெனி தன் கையிலிருந்தா போடும்? யந்திரத்தின் விலையோடு சேர்த்து, படகோட்டியும் சணல் அறுக்கிறவனும் செலுத்தும் வரிப்பணத்திலிருந்துதான் அது திரும்ப வரவேண்டும்.

அர்ஜெண்டினா கதை இதைவிட ரசமானது. அந்த நாட்டுப் பிரஜை ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை செய்து கொடுக்கும் வேலையைச் சுமார் 100 கோடி டாலருக்கு 1998-ல் சீமென்ஸ் பெற்றது. பெற்றதற்கு லஞ்சம். சர்க்கார் மாறிற்று, 2001-ல் புதிய சர்க்கார் கண்டிராக்டை ரத்து செய்தது. வேறு யாராக இருந்தாலும் போனது போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர்களோ சர்வதேச மத்தியஸ்தர்களிடம் போய், எங்களுக்கு அநீதி நேர்ந்துவிட்டது என்று பிராது கொடுத்தார்கள். லஞ்சம் கொடுத்து வாங்கிய கண்டிராக்ட் என்பதை மறைத்து வழக்காடினார்கள். அது வெளியே வராமலிருக்கும் பொருட்டு மேலும் மேலும் பணம் கொடுத்தார்கள் என்பதும் பின்னால் விசாரணையில் வெளிவந்தது. 2007 பிப்ரவரியில் அர்ஜெண்டினா ஜனங்கள் கம்பெனிக்கு 21 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பும் ஆயிற்று! திருடப்போன இடத்தில் கால் இடறி விழுந்தவன் வீட்டுக்காரன்மேல் நஷ்டஈட்டுக்கு வழக்குப்போட்டு ஜெயித்த மாதிரி. குட்டு முழுவதும் உடைந்தபிறகு, 2009-ல், அந்தத் தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

இனி, தொழிலாளர் தோழர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய ஒன்று. வெளிநாட்டு மந்திரிகளை விலைக்கு வாங்கியவர்கள் தங்கள் தொழிற்சாலைக்குள்ளேயும் சும்மா இருக்கவில்லை. உலோகத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்திற்கு எதிராக, ‘சுதந்திரச் சங்கம்’ என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு போட்டிச் சங்கத்தை ரகசியமாகப் பணம் கொடுத்து வளர்த்தார்கள். அதற்காகக் கொடுத்தது சுமார் 3 கோடி யூரோ. 2008-ல் நியூரம்பர்க் கோர்ட்டார் பணம் வாங்கிய சங்கத் தலைவனுக்கு நாலரை வருஷம் ஜெயில் விதித்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கம்பெனி இயக்குநருக்கு விதித்த ஜெயிலையோ நிறுத்திவைத்துவிட்டார்கள். கொடுத்தவன் வீட்டிலும் வாங்கினவன் ஜெயிலிலும் என்பதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை.

நிற்க, இவ்வளவும் நடந்தபோது மேலே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நாலு லட்சத்திற்கு மேற்பட்ட சிப்பந்திகள் வேலை செய்கிற கம்பெனியில் லஞ்சத்தைத் தடுப்பதற்கு என்று ஒரு இலாகா இருந்தது. அதில் ஒரு சில வக்கீல்கள். அதன் தலைவரோ அந்த வேலையை அரைகுறை நேரத்தில் பார்த்தவர். அவருக்கு இரண்டு உத்தியோகம்: தப்பு நடக்காமல் தடுப்பது ஒன்று, நடந்த தப்புக்காகக் கம்பெனியை வழக்கில் காப்பாற்றுவது மற்றொன்று. காவல்காரனையே திருடனுக்கு வக்கீலாகவும் வைத்தால் வீடு எப்படியிருக்கும்?

ஒரு திருகாணி செய்ய என்ன செலவு, எந்தக் கிளையில் என்ன லாபம் என்பதை மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிற நிர்வாக சபைக்கு, 140 கோடி டாலர் போன இடம் மட்டும் தெரியாது என்றால் யார் நம்புவது? தெரியாமலிருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம். மியூனிக்கிலிருந்து உத்தரவு போகும், இந்த நாட்டில் இவ்வளவு வியாபாரம் ஆகவேண்டும் என்று. எப்படி ஆகவேண்டும் என்று எழுதமாட்டார்கள். அதைக் கீழே இருப்பவன் பார்த்துக்கொள்ளவேண்டும். பல இலாகா, பல கிளை, பல தேசம் என்று வேலையைக் கூறுபோட்டுவிட்டபடியால் ஒருவனுக்கும் முழு விஷயம் தெரிந்தது என்று ருசுப்படுத்த முடியாது. இதைத்தான் பெரிய நிர்வாகத் தந்திரம் என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. அசுத்தத்தை அள்ளுகிறவனுக்குத் தீட்டு, அசுத்தம் செய்தவனுக்கு மடி என்று வருணாசிரமத்தார் பிரித்துவைத்தார்களே, அதே ஏற்பாடுதான் மின்சார விளக்கின் கீழே நடந்திருக்கிறது. பெட்டி சுமந்தவனுக்குத் தீட்டு. பெட்டியால் வந்த லாபத்தைப் பங்குபோட்டவர்களுக்கு மடி.

சந்தேகமிருந்தால் தண்டனைகளைப் பாருங்கள். 2008 ஜூலையில் முதல்முதல் தண்டனை பெற்றவர் தந்தி, டெலிபோன் பகுதியில் இருந்த ஒரு நடுத்தர அதிகாரி. மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தே நடந்தது என்று அவர் கோர்ட்டில் சொன்னார். அவருக்கு இரண்டு வருஷம், அது நிறுத்திவைக்கப்பட்டது. அபராதம் 1,08,000 யூரோ. 1992 முதல் 2005 வரையில் கம்பெனியின் தலைமை ஸ்தானத்தில் இருந்த ஹைன்ரிஹ் ஃபொன் பீரர் என்பவரோ, தாம் தவறு செய்யவில்லை என்றே சொல்லிக்கொண்டு, 2009-ல் கம்பெனிக்கு 50 லட்சம் யூரோ கொடுத்து ராஜியானார்.

கம்பெனிக்குக் கிடைத்த தண்டனையிலும் இந்தத் தீட்டு வித்தியாசம் தவறவில்லை. 2008 டிசம்பர் 15-ந் தேதி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ராஜி ஆயிற்று. முன்பு கட்டியதையும் சேர்த்து அபராதம் மொத்தம் சுமார் 160 கோடி டாலர். பெரிய தொகை என்று பத்திரிகைகள் எல்லாம் ஆச்சரியப்பட்டன. ஆனால் குற்றம் என்ன என்று ஒப்புக்கொண்டார்கள்? வாஷிங்டன் கோர்ட்டில், லஞ்சம் கொடுக்கக் கூடிப்பேசிய குற்றத்தை ஒப்புக்கொண்டவை வங்காளதேசத்துக் கிளையும் வெனிசுலா கிளையும். மியூனிக்கிலுள்ள தாய்க் கம்பெனி ஒப்புக்கொண்டதோ கணக்கைச் சரியாக வைக்காததும், உள்கட்டுப்பாடு சரியாக இல்லாததுமேயாகும். லஞ்சக் குற்றம் ருசுவான கம்பெனியைச் சர்க்கார் கண்டிராக்டுகளிலிருந்து விலக்கிவைக்கச் சட்டம் இருக்கிறதல்லவா? அதிலிருந்து தப்ப இந்த வார்த்தை வித்தியாசம் உதவிற்று. பிராயச்சித்தத்திற்குக் காசு கட்டினால் பாவத்தின் பெயரையே மாற்றிக் கொடுக்கிற புரோகிதம் ரோமாபுரியிலும் காசியிலும் மாத்திரம் இல்லை போலிருக்கிறது.

நியாயத்தைச் சொல்லவேண்டுமானால் அதன்பின் சீமென்ஸ் சும்மா இருக்கவில்லை. 2007-ல் முதல்முதலாக வெளியாளான பீட்டர் லோஷர் என்பவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். மேல் உத்தியோகஸ்தர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். கண்காணிப்பு இலாகாவுக்கு நூற்றுக்கணக்கான ஆட்களைப் போட்டார்கள். உலக பாங்கியுடன் 2009-ல் ஏற்பட்ட ராஜியில், லஞ்ச ஒழிப்பு வேலைகளுக்காக 15 வருஷத்தில் 10 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். லஞ்சமில்லாவிட்டால் வியாபாரமே படுத்துவிடும் என்று பயமுறுத்தினார்களே, 2010-ம் வருஷக் கணக்கில் கம்பெனி 400 கோடி யூரோவுக்கு மேல் லாபம் காட்டிற்று. அப்படியானால் முன்பு கொடுத்ததெல்லாம் எந்த அவசியத்திற்காக?

மேலே இருந்தவர்களின் கடமை என்ன என்பதை 2013 டிசம்பரில் மியூனிக் கோர்ட்டார் கொஞ்சம் தெளிவாகவே சொன்னார்கள். நிதிப் பொறுப்பில் இருந்த ஒரு முன்னாள் நிர்வாக சபை அங்கத்தினர்மேல் கம்பெனியே போட்ட வழக்கு அது. தப்பு நடக்காதபடி தக்க ஏற்பாடு செய்வதும், அந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் நிர்வாக சபையில் உள்ளவர்களின் சொந்தப் பொறுப்பு, ‘எனக்குத் தெரியாது, அது வேறொருவர் இலாகா’ என்று தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லி, ஒன்றரைக் கோடி யூரோ கட்டும்படி தீர்ப்புக் கூறினார்கள். அவர் அப்பீல் செய்தார். 2014-ல் 25 லட்சம் யூரோவுக்கு ராஜியாகிவிட்டது.