பீரோவுக்குள் பூட்டிய கதைகள்

ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். துணைப்பாடக் கதையைத் தொடங்கும்போதே, "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கதையின் உயிர் அங்கேயே போய்விடுகிறது.

2023இல் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொடுத்தது. அருமையான வேலை. பாடநூலில் நாலு வரி தாண்டாமல் எழுத்துக்கூட்டித் திணறும் பையன் ஒருவன் 'நுழை' புத்தகம் ஒன்றை எடுத்தான். விரலை வைத்து, உதடு அசைய, கடைசிப் பக்கம்வரை போனான். பிறகு பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையைக் கூப்பிட்டு முழுக்கதையையும் சத்தமாக வாசித்துக் காட்டினான். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது; கதை முடிந்ததும் கேள்வி வரும் என்று தெரிந்தால், பிள்ளை விடையைத்தான் தேடும்.

ஆனால் நான் பார்த்த சில பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கமாட்டோம் என்று துறை எழுத்தில் சொல்லட்டும். வாரம் ஒரு பாடவேளையை மதிப்பெண் இல்லாத வாசிப்புக்கு ஒதுக்கட்டும். பரீட்சை நெருங்கினாலும் அந்த வேளையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.