யாரிடம் வழி கேட்கிறோம்?



நம் இதழின் இணையதளத்தை அண்மையில் வேறொரு சேவையகத்துக்கு மாற்றினோம். அன்றிலிருந்து வரும் கடிதங்கள் இரண்டு வகை. 'புதுத் தளம் படிக்க வசதியாக இருக்கிறது' என்பவை ஒரு வகை. 'தளமே திறக்கவில்லையே, இதழை நிறுத்திவிட்டீர்களா?' என்று பதறுபவை இன்னொரு வகை. ஒரே ஊரிலிருந்து, ஒரே நாளில் இரண்டும் வருகின்றன. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். அது எப்படி என்று விளக்கவே இந்த மாதம் இந்தப் பக்கம்.

உலாவியில் நாம் தட்டுவது தளத்தின் பெயர். ஆனால் கணினிக்கு வேண்டியது எண்களாலான முகவரி. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். புது ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறவர் தெருமுனை டீக்கடையில் வழி கேட்பார் அல்லவா, அப்படித்தான். வைஃபை இணைப்பு வாங்கும்போதே, யாரிடம் வழி கேட்பது என்பதையும் இணைப்பு தரும் நிறுவனமே முடிவு செய்து ரூட்டரில் பதித்துவிடுகிறது. அந்த டி.என்.எஸ். சேவையகம் படுத்துவிட்டாலோ, பழைய வழியையே சொன்னாலோ, தளம் நன்றாக இருந்தும் நமக்குத் திறக்காது.

இணையத்தின் தொடக்க காலத்தில் இந்த ஏற்பாடு எளிமையாக இருந்தது. எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த முறைதான் டி.என்.எஸ். இதில் முழுப் பட்டியல் யாரிடமும் கிடையாது. உச்சியில் இருக்கும் மூலச் சேவையகங்கள், .காம், .இன், .இலங்கை போன்ற ஈறுகளுக்குப் பொறுப்பானவரைக் காட்டும். அவர் அந்தத் தளத்துக்குப் பொறுப்பானவரைக் காட்டுவார். உங்கள் நிறுவனத்தின் சேவையகம் இப்படி விசாரித்து எண்ணை வாங்கி, ஒவ்வொரு முறையும் அலையாமலிருக்கக் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அந்தக் 'கொஞ்ச காலம்' எவ்வளவு என்று தளத்தின் உரிமையாளர் குறித்து வைக்கிறார். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு முழு நாளாகவும் இருக்கலாம். சில நிறுவனங்களின் சேவையகங்கள் தம் வசதிக்கு அதை நீட்டிக்கொள்வதும் உண்டு. எனவே தளம் இடம் மாறிய பிறகும் சிலருக்குப் பழைய எண்ணே கிடைத்துக்கொண்டிருக்கும். நமக்கு நேர்ந்தது இதுதான்.

சரி, ஒரு தளம் திறக்காவிட்டால் என்ன செய்வது? முதலில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் இணைப்பு உயிரோடிருக்கிறது. அடுத்து, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். அதில் திறந்தால் தளமும் நலம். கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பிறகு, உலாவி காட்டும் பிழைச் செய்தியைப் படியுங்கள். பலரும் அதைப் படிப்பதே இல்லை. 'டி.என்.எஸ்.' என்ற எழுத்துகளோ, 'முகவரியைக் கண்டறிய முடியவில்லை' என்ற பொருளில் ஒரு வரியோ இருந்தால், பெயருக்கு எண் கிடைக்கவில்லை. 'பதிலளிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது' என்றால் பெரும்பாலும் எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணில் இருப்பவர்தான் பேசவில்லை.

பெயருக்கு எண் கிடைக்காவிட்டாலும், இடம் மாறிய தளத்துக்குப் பழைய எண் கிடைத்தாலும், ரூட்டரையும் கணினியையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அவை நினைவில் வைத்திருந்த பழைய பதில்கள் அழியும். அப்போதும் சரியாகாவிட்டால் வழி சொல்பவரை மாற்றலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 ஆகியவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேவைகள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் இவற்றுள் ஒன்றை இட்டால், பொதுவாக வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். மாற்றுமுன் அங்கே இருப்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம், கல்லூரி கொடுத்த கணினிகளில் கை வைக்க வேண்டாம். அவற்றின் உள்தளங்கள் வெளி டி.என்.எஸ். சேவைகளுக்குத் தெரியாது.

மாற்றியதும் தளம் திறந்துவிட்டால், 'பார்த்தீர்களா, இந்த நிறுவனம்தான் தடுத்திருக்கிறது' என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அமெரிக்காவில் 2012 ஜனவரி 18 அன்று, காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நாசாவின் தளம் திறக்கவில்லை. மற்ற பல நிறுவனங்களின் இணைப்பில் திறந்தது. இணையத் தணிக்கைக்கு வழிவிடும் என அஞ்சப்பட்ட சட்ட மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா தன்னைத்தானே மூடிக்கொண்ட நாள் அது. நாசாவைத் தடுத்துவிட்டார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். விசாரித்ததில் பிசகு நாசாவின் பக்கம் இருந்தது தெரிந்தது. டி.என்.எஸ். பதில்கள் போலியல்ல என்று காட்ட இடப்படும் மின்கையொப்பத்தை மாற்றும்போது அங்கே தவறு நேர்ந்திருந்தது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழக்கத்தைத் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் அந்த மாதம்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது காம்காஸ்ட். ஒழுங்காகச் சோதித்தவருக்குத் தளம் திறக்கவில்லை, சோதிக்காதவர்களுக்குத் திறந்தது. பழி ஒழுங்காக இருந்தவர்மேல் விழுந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை முடக்கியது. முதலில் அது நடந்தது இணைய நிறுவனங்களின் டி.என்.எஸ். வழியாகத்தான். உடனே இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று பெயின்ட்டில் எழுதப்பட்டது. சில நாட்களில் அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையே உள்ளூர் நிறுவனங்கள் மறித்து, கூகுளைப் போல நடித்துத் தாமே பதில் சொல்லத் தொடங்கின. எண்ணை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களும், தாங்கள் யாரிடம் கேட்கிறோம் என்பதை அறியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. யாரிடம் வழி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. அதோடு, வழி சொல்பவருக்கு நாம் எங்கெல்லாம் போகிறோம் என்பதும் தெரியும். நிறுவனத்தை விட்டு கூகுளிடம் போனாலும் அந்தக் குறிப்பு இன்னொருவர் கைக்குப் போகிறதே தவிர மறைவதில்லை. அதனால் வேகத்தை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். யாரை நம்புகிறீர்கள் என்றும் யோசித்து மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் கைபேசிகளில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வசதி உண்டு. அதில் கேள்வியும் பதிலும் பூட்டிய உறையில் போவதால் வழியில் யாரும் பிரித்துப் பார்ப்பதும் ஆள்மாறாட்டம் செய்வதும் கடினம்.

கஸ்டமர் கேரை அழைக்க வேண்டியிருந்தால், 'நெட் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தளம், எத்தனை மணிக்கு, என்ன பிழைச் செய்தி, மொபைல் டேட்டாவில் திறந்ததா, வேறு டி.என்.எஸ். இட்டபோது என்ன ஆனது ஆகியவற்றைச் சொல்லுங்கள். இவ்வளவும் கேட்ட பிறகு 'ரூட்டரை அணைத்துப் போடுங்கள் சார்' என்று அவர்களால் அனுப்பிவைக்க முடியாது. நம் தளம் திறக்காதவர்களும் இதே விவரங்களோடு எங்களுக்கு எழுதுங்கள். கோளாறு எங்கள் பக்கம் இருந்தால் சரிசெய்வோம். உங்கள் நிறுவனத்தின் பக்கம் இருந்தால், அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்