இரண்டு வயரும் அறுபது ஓமும்



போன விடுமுறையில் தொழிற்பயிற்சிக்காக ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். ஒரு கார் வந்தது. சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது. ஸ்கேனரை மாட்டினார்கள். யு0100 என்று கோடு வந்தது. "இ.சி.எம். போச்சு, மாத்தணும்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்த கார்க்காரர் முகம் வாடிப்போனது.

அங்கே வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். "தம்பி, அந்த மீட்டரை எடு" என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பார்க்கச் சொன்னார். 120 காட்டியது. "அறுபது காட்டணும்டா. எங்கேயோ வயர் விட்டிருக்கு." தேடினோம். தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த ஒரு கனெக்டர்! சுத்தம் செய்து மாட்டியதும் 60 வந்தது. வண்டியும் ஓடியது.

அந்த 60-க்குப் பின்னால் இருப்பதுதான் கேன் பஸ். ஏறிப் போகிற பஸ் இல்லை; கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க். முறுக்கிய இரண்டே வயர்கள், இரு கடைசியிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர். இரண்டும் பேரலல், ஆகவே 60. இது முதலாண்டுக் கணக்குதானே?

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இந்த வேலையைத் தொடங்கி, 1986-இல் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்டது. 1993-இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற தரம் ஆயிற்று. வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட் வரை. ஒரு செய்தியில் 8 பைட். எஞ்சின், பிரேக், டேஷ்போர்டு எல்லாம் இதே இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன.

ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால்? நம்ம பொதுக்குழு மாதிரி கூச்சல் கிடையாது. ஒவ்வொருவரும் பேசிக்கொண்டே வயரையும் கவனிக்கிறார்கள். தான் 1 அனுப்பும்போது வயரில் 0 இருந்தால், தன்னைவிட அவசரமான செய்தி போகிறது என்று சத்தமில்லாமல் ஒதுங்கிவிட வேண்டும். ஜெயித்த செய்திக்கு ஒரு பிட் கூட வீணாவதில்லை. திரும்பத் திரும்பத் தப்பு செய்கிறவர், எண்ணிக்கை 255-ஐத் தாண்டியதும் தானே விலகிக்கொள்வார். நாமும் கற்றுக்கொள்ளலாம்!

குறையும் உண்டு. பேசுவது யார் என்று கேன் விசாரிப்பதே இல்லை. 2015-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடுகிற ஜீப் செரோக்கி ஒன்றை எங்கோ இருந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன்பின் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். "ஸ்கேனர் இருக்கே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எஞ்சின் கன்ட்ரோலரோடு பேச்சு அறுந்துவிட்டது என்றுதான் யு0100 சொல்லும். கன்ட்ரோலர் செத்ததா, வயர் அறுந்ததா என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டிப்ளமோ படித்தவன் வேண்டும். தெரியாதவன் பெட்டியை மாற்றுவான்; தெரிந்தவன் கனெக்டரைத் துடைப்பான். வித்தியாசத்துக்குப் பணம் கட்டுவது வண்டிக்காரர்.

ஆகவே நம்ம சங்கம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். லேபில் ஒரு மேஜை, இரண்டு மைக்ரோகன்ட்ரோலர், இரண்டு கேன் டிரான்ஸீவர், கொஞ்சம் வயர், இரண்டு ரெசிஸ்டர். ஆட்டோமொபைல் பையனும் எலக்ட்ரானிக்ஸ் பையனும் சேர்ந்து உட்காரட்டும். பெரிய செலவில்லை. ஒரு ரெசிஸ்டரைக் கழற்றினால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

அந்தப் பெரியவர் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர் இல்லை. மிதித்த நாம் அவரிடம் மீட்டரை நீட்டிக்கொண்டு நின்றோம். அடுத்த வருஷமாவது அந்த மீட்டரை நாமே பிடிக்க வேண்டாமா? சிந்திப்போம்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை