திண்ணையும் உள்ளறையும்



கோடை விடுமுறை வந்துவிட்டால், "இந்த ஆண்டு எங்கே போகிறோம்?" என்பதே நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி. ஊட்டி, கொடைக்கானல் என்று பெயர்களை அடுக்குவார்கள். சென்ற கோடையில் எங்கள் பிள்ளைகளும் அவ்வாறே அடுக்கினர். ஆனால் நாங்கள் போய்த் தங்கியதோ, கூப்பிடு தொலைவில் இருந்தும் எங்கள் குடும்பத்தில் எவருமே பார்த்திராத கல்வராயன் மலையில்!

என் மாமனார் கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் கொண்டுவரும் பெரியவர் ஒருவர், முப்பது ஆண்டுகளாக எங்கள் கடைக்கே தருவார். கடைசிப் பேருந்து போய்விட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கி, விடியலில் புறப்படுவார். மாமனார் மறைந்த பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்தது. விடைபெறும் போதெல்லாம், "ஒரு தடவை பிள்ளைகளோடு எங்க ஊருக்கு வாங்கம்மா" என்பார். நாங்களும் "இன்ஷா அல்லாஹ்" என்போம். நாவு சொல்லியதே தவிர, போகும் எண்ணம் உள்ளத்தில் இருந்ததில்லை.

இம்முறை என் கணவர் போயே தீர்வது என்றார். மாமிக்கோ பெருந்தயக்கம். "சாராயம் காய்ச்சும் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதா?" என்று கேட்டார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை எங்கள் ஊரில் யார் மறக்க முடியும்? அன்று முதல், மலையில் வாழ்வோர் என்றாலே ஐயத்தோடு நோக்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. எங்களுக்கும்தான்.

கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்குகிறது. கரியாலூர் வழியாக வெள்ளிமலையை அடைந்து, அங்கிருந்து கிளைப்பாதையில் அந்தச் சிற்றூருக்குச் சென்றோம். ஒரு காலத்தில் சாமையும் வரகும் தினையும் மிகுதியாக விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி பரந்து கிடக்கிறது.

இம்மலையின் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்திற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்றே பொருள் கூறுவர். முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குமுன் கூலியின்றி ஏர் ஓட்டிய தம் தந்தையின் கதையைப் பெரியவர் சொன்னபோது, பிள்ளைகள் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தனர்.

மாலையில் உயிருள்ள சேவலொன்றையும் கத்தியையும் கொண்டுவந்து என் கணவர் முன் வைத்தார். "உங்க முறைப்படி நீங்களே அறுத்துக்குங்க தம்பி" என்றார். முப்பது ஆண்டுகளில் அவர் நம்மைப் பற்றி அறிந்து வைத்திருந்ததில் நூற்றிலொரு பங்குகூட நாம் அவரைப் பற்றி அறியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சாமைச் சோறும் சேவற்குழம்பும் அன்றிரவு அமிர்தமாய் இனித்தன.

மாமி மெல்லச் சாராயப் பேச்சை எடுத்தார். பெரியவர் சினங்கொள்ளவில்லை. "காய்ச்சறவங்க இல்லேன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா கடுக்காய் பொறுக்கறவனையும் அவங்களோட ஒரே சாக்குல கட்டிட்டாங்க. கீழே இறங்கினா பையைத் திறந்து காட்டச் சொல்றாங்க" என்றார். அதே 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்வு நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் பிழைக்க வழியும் இல்லாத இடத்தில் தீமை எளிதில் வேரூன்றும் என்பதை, இரண்டு நாள் தங்கிய எங்களாலேயே உணர முடிந்தது.

இரவு, உள்ளறையில் புதுப்பாய் விரித்து எங்களைப் படுக்க வைத்தனர். பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் கதவைத் திறந்த மாமி, நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பெரியவரும் அவர் மனைவியும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிரில் ஒரே போர்வைக்குள் ஒடுங்கித் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தனர். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் அறை!

தொழுகை முடிந்ததும் மாமி என் கையைப் பற்றிக்கொண்டார். "முப்பது வருடம் நாம் அவரை எங்கே படுக்க வைத்தோம், எண்ணிப் பார்த்தாயா? நம் வீட்டில் அறைக்கா பஞ்சம்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

சகோதரிகளே! விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். உறவினருக்கும் செல்வந்தருக்கும் மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கிறோம். மூட்டை சுமந்து வருபவரும் விருந்தினரே என்பதைத் திண்ணை மறைத்துவிடுகிறது.

உங்கள் ஊருக்கருகிலும் இத்தகைய சிற்றூர் ஒன்று இருக்கும். பிள்ளைகளோடு சென்று ஓரிரு நாள் தங்குங்கள். வீட்டாருக்குச் சுமையாகாமல் அரிசி, பருப்பு கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் மருந்தும் போர்வையும் மறவாதீர்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கே விட்டுவராதீர்கள். தேனோ புளியோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

அடுத்த முறை பெரியவர் வந்தபோது, வழக்கம்போல் திண்ணையில் மூட்டையை இறக்கினார். மாமி உள்ளிருந்து, "அங்கே வேண்டாம், உள்ளே வாருங்கள்" என்று அழைத்தார். வாசலில் தயங்கி நின்றவரை, "வாங்க தாத்தா" என்று என் இளைய மகள்தான் கைப்பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.