கரகத்தின் முன் கேமரா

புகைப்படம், திரைப்படம், வரைபடம் ஆகியவற்றின் துணையோடு சமூகங்களை ஆராய்வதும், அச்சமூகங்கள் எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று அறிய முயல்வதும் காட்சிசார் மானிடவியலின் பணியாகும். இந்தியாவில் இத்துறை காலனிய ஆட்சியின் நிழலில் வேரூன்றியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வில், கேமராவின் முன் நிறுத்தப்பட்டவர் பெரும்பாலும் பெயரிழந்து ஒரு குழுவின் மாதிரியாகவே அச்சேறினார். அப்பார்வை இன்றும் முற்றிலும் அகலவில்லை என்பது வருந்தத்தக்கது.

பெங்களூரு கரகத் திருவிழா இப்பார்வைக்கு மாற்றான பயிற்சியைத் தரவல்ல களமாகும். சைத்திர மாத முழுநிலவு இரவில், தோட்டத் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட திகளர் சமூகத்தின் பூசாரி, பெண்ணுடை தரித்து, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தித் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்பட, வீரகுமாரர்கள் எனப்படும் காவலர்கள் உருவிய வாளோடு சூழ்ந்து வருகின்றனர். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் செல்கிறது. இவையனைத்தும் இன்று நேரலையில் ஒளிபரப்பாகின்றன. ஆயினும் கரகத்தினுள் இருப்பது பிறர் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. அந்த மறைப்பே சடங்கின் மையமாதலால், படமெடுக்க இசைவு கிடைக்காத இடங்களையும் களக்குறிப்பில் தரவாகப் பதிவது ஆய்வாளரின் கடமையாகிறது.

கேமரா தன்னளவில் காட்ட இயலாத மற்றொன்றும் இங்கு உண்டு. மானிடவியலாளர் ஸ்மிருதி சீனிவாஸ் 2001இல் வெளியிட்ட நூலில், ஏரிகளும் தோட்டங்களுமாய் இருந்த பழைய நகரத்தின் நினைவை இவ்விழா சுமந்துவருவதை விரிவாக ஆராய்ந்துள்ளார். கரகச் சடங்குகளோடு தொடர்புடைய சம்பங்கி ஏரியின் இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அங்கு எடுக்கப்படும் படத்தில் அரங்கச் சுவர்தான் பதியும். பழைய நில வரைபடத்தையும் சடங்குகள் நிகழும் இடங்களையும் அதனருகே வைத்துப் பார்க்கும்போதுதான், மக்கள் ஏன் அக்குளத்தைத் தேடி வருகின்றனர் என்பது விளங்கும்.

எனவே, இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் படத்தோடு அது எப்போது, யாரால், எவர் இசைவுடன் எடுக்கப்பட்டது என்பதையும், படத்தில் உள்ளோர் அதைப் பார்த்துக் கூறியவற்றையும் சேர்த்தனுப்ப வேண்டும். படங்களைக் காட்டி உரையாடலைத் தொடங்கும் இம்முறையைத் திகளர் முதியவர்களிடம் காலந்தாழ்த்தாது மேற்கொள்வது அவசியம். ஏனெனில் சம்பங்கியை நீர் நிறைந்த ஏரியாகக் கண்டவர்கள் மிகவும் அருகிவிட்டனர்.