ஏரியில்லாத சாலையும் தேர்தலில்லாத பேரவையும்

மேற்கு மாம்பலத்திலே லேக் வியூ சாலை என்றொரு சாலை உண்டு. பெயரை நம்பி ஏரியைத் தேடுவோர் ஏமாறுவர். நீண்டு கிடந்த ஏரி தூர்க்கப்பட்டு, மனைகளாகி, மாடிகளாகித் தலைமுறைகள் கடந்துவிட்டன. ஏரி போயிற்று; பெயர் நின்றது. நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவையின் நிலையும் அதுவே. பேரவை என்பர், தேர்தலைக் காணோம். தலைவர் என்பர், அவரைத் தேர்ந்தவர் யார் என்றால், முதல்வரின் அறையைக் காட்டுவர்.

வேறெங்கு இது தகுமாயினும் சட்டம் பயிலும் இடத்தில் தகாது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தந்துள்ளது என்று காலையில் பாடம் கேட்கும் மாணவர், மாலையில் தம் பேரவைக்கு வாக்களிக்க இயலாது என்றால் அந்தப் பாடம் எதற்கு? 1989 முதல் 18 வயதினர் வாக்காளராயினர். நாட்டின் ஆட்சியை மாற்றத் தகுந்த கை, கல்லூரித் தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் தகாதாம்! விந்தையிலும் விந்தை.

“2008ஐ மறந்தீரோ?” என்று கேட்பர். மறக்கவில்லை, தோழர்களே. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள், உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவரை மாணவர் தடிகொண்டு தாக்கினர். காவலர் வாயிலில் நின்று பார்த்தனர். தொலைக்காட்சியில் நாடே கண்டு தலைகுனிந்தது. ஆனால் அந்தத் தீயை மூட்டியது வாக்குப் பெட்டியா? விழாச் சுவரொட்டி ஒன்றில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடப்பட்டதே பொறி என்று அன்றைய செய்திகள் கூறின. சாதி செய்த குற்றத்துக்குத் தேர்தலைக் கூண்டில் ஏற்றுவது எந்தச் சட்டம்?

நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்தது. 2018இல் கல்லூரி பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பெயர்ந்தது. மாம்பலத்தில் அறையெடுத்துத் தங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலேறி உயர் நீதிமன்ற வாயிலருகே பாடம் கேட்கச் சென்ற மாணவரின் காலம் முடிந்தது. கட்டடத்தை மாற்றினர். சாதியும் உடன் செல்லாதா? அதற்குப் பயணச்சீட்டும் வேண்டாமே!

வாக்குக் கேட்டு நிற்பவர் தம்மவர் வாக்கு மட்டும் போதாது என்று உணர்ந்த அன்றே, மாற்றாரின் விடுதி அறைக் கதவையும் தட்டியாக வேண்டும். தட்டினால் பேச வேண்டும். பேசினால் கேட்கவும் வேண்டும். அங்கும் சாதிக் கணக்குப் போடுவோர் இருப்பரே என்றால், இருப்பர். பொதுத் தேர்தலில் நாமே அந்தக் கணக்கை ஒருமுறையேனும் போடாதவரா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

மாணவர் தேர்தலுக்கு நெறி வகுத்தவர் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ. அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஆகும். அரசியல் கட்சிகளின் பணம் அறவே கூடாது. இவை நம்மைக் கட்டும் விலங்குகள் என்று முணுமுணுக்கும் தோழர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. பணப்பை முன்னே போனால் கொள்கை பின்னே வராது. பிரியாணியை நம்பித் திரண்ட கூட்டம் பிரியாணியோடு கலையும்.

ஆனால் அதே நெறியில் ஒரு விதி நமக்கு உடன்பாடன்று. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரும், குற்ற வழக்கில் விசாரணைக்கு உள்ளானவரும் நிற்கலாகாதாம். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்று கற்பிக்கும் கல்லூரியில், விசாரணையே தண்டனையாவதா? விடுதியில் குடிநீர் கேட்டு அமர்ந்த மாணவர்மீது ஓர் ஓலை அனுப்பினால் போதும், அவருடைய வேட்புமனு குப்பைக்குப் போகும். 1965 மொழிப்போரில் சிறை புகுந்து வழக்கைச் சந்தித்த மாணவர் எவரும் இவ்விதிப்படி வகுப்புப் பிரதிநிதியாகக்கூட நின்றிருக்க முடியாது. அந்தப் போரில் மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசனோ, 1967இல் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்குகளில் வென்றார். மக்கள் வைத்த தகுதித் தேர்வு வேறு!

ஆகவே தேர்தலைக் கேட்போம். அந்த விதியைத் திருத்தவும் கேட்போம். இதற்கிடையில், சட்டம் பயிலும் மாணவர் ஒருவர் தேர்தலில் நிற்கும் எண்ணத்தோடு நம் படிப்பகத்தின் படியேறி வந்தால், அமர்ந்து படிக்க இடம் கொடுங்கள். அவருடைய ஐயங்களுக்கு விடை சொல்லுங்கள். அச்சகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். சுவரொட்டியை அவர் தம் கையாலேயே எழுதட்டும்.