ஊனும் உள்ளமும்

உண்ணும் உணவிற்கும் உள்ளத்தின் நிலைக்கும் தொடர்புண்டென்பது அறிஞர் பலர்க்கும் ஒப்பமுடிந்த உண்மையாம். ஆயின் அதனைத் தத்தமக்கு வேண்டியவாறு திரித்து, இரு சாரார் இருவேறு பிழைகளை நாட்டி வருகின்றனர். புரதம் நிறைந்தது ஊனேயென்றும், புரதமே மனக்கிளர்ச்சிக்கு முதலென்றும், ஆகலின் மரக்கறி உண்போர் மனச்சோர்வுக்கு இரையாவரென்றுங் கூறுவார் ஒரு சாரார். ஊனை விலக்கிய அளவானே சாத்துவிக குணம் தானே வந்தெய்தும், உள்ளஞ் சோர்ந்தார்க்கு வேறு ஆராய்ச்சி வேண்டாவென்பார் சைவருள்ளே மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தாமை ஈண்டுக் காட்டப்படும்.

முதற்கண் முன்னையோர் கூற்று ஆராயற்பாலது. மூளையின்கண் மனநிலைக்குத் துணைசெய்யும் பொருள்களுள் செரட்டோனின் ஒன்று. அது டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தினின்றும் உண்டாவது. இவ்வமிலத்தை ஹாப்கின்சு, கோல் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1901-இல் பிரித்தெடுத்தனர். ஊனில் இஃது உளதாகலின் ஊனுண்பார் உவகை மிகப்பெறுவரென்பது அவர் துணிபு. அற்றன்று. குருதியினின்றும் மூளைக்குட் புகும் வாயில், டிரிப்டோபனுக்கும் அதனினும் மிக்குள்ள வேறு பல அமிலங்கட்கும் பொதுவாயுள்ளது. புரதம் மிகவுண்டக்கால் அவ்வமிலங்களும் உடன்பெருகி அதனை நெருக்குமாகலின், மூளை பெறும் பங்கு மிகுவதில்லை. 1971-இல் பெர்ன்ஸ்ட்ரம், உர்ட்மன் என்போர் எலிகளிடத்துச் செய்த சோதனையில், மாவுப்பொருள் மிக்க உணவின் பின்னர் மூளையிற் செரட்டோனின் மிகுந்தமை காணப்பட்டது. இதுகொண்டு சோறே மகிழ்ச்சி நல்குமென்றலும் பிழையாம். ஊன் மிகின் உவகை மிகுமென்னுங் கணக்கு நில்லாதென்பதே கொள்ளற்பாலது.

அற்றேல், மரக்கறியிற் புரதம் போதாதன்றோவெனின், அறிந்துண்பார்க்குப் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு, உடல் எடையிற் கிலோ ஒன்றுக்கு நாடோறும் 0.83 கிராம், 60 கிலோ எடையினார்க்கு ஏறத்தாழ 50 கிராம். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உளது. அரிசியிற் குறைந்த லைசினைப் பருப்பும், பருப்பிற் குறைந்த மெத்தியோனினை அரிசியும் நிரப்புகின்றன. இட்டலியிலும் வெண்பொங்கலிலும் இவ்விணைப்பு அமைந்திருத்தல் காண்க.

இனிப் பின்னையோர் கூற்றை நோக்குக. ஊனை விலக்குதல் ஒன்று. உடற்கு வேண்டுவன ஊட்டுதல் மற்றொன்று. தீட்டிய வெள்ளரிசிச் சோறும், தெளிந்த சாறும், ஊறுகாயுமே உண்டு நாள் கழிப்பவர் விரதங் காப்பவராகலாம், உடலைக் காப்பவராகார். மனையில் யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் மகளிர்க்கோ பருப்பும் தயிரும் எட்டுதல் அரிது.

அன்றியும், 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 என்னும் உயிர்ச்சத்து நுண்ணுயிர்களானே ஆக்கப்படுவது. காய் கனி தானியங்களில் இயல்பாக இல்லாதது. பாலிலும் தயிரிலும் ஓரளவு உள்ளது. ஈரலிற் சேர்ந்துள்ள இருப்புத் தீரச் சில ஆண்டுகள் செல்லுமாகலின், குறைவு நெடுநாட் புலப்படாது. புலப்படுங்கால் அயர்வும், கைகால் மதமதப்பும், மறதியும், மனச்சோர்வுமாய்த் தோன்றும். இவற்றைச் சோம்பலென்று வைதும், கிரகதோடமென்று பரிகாரந் தேடியும் காலம் போக்குவார் உளர். காலந் தாழ்ப்பின் நரம்புகட்கு உண்டாகுங் கேடு மீளாதாதலுங் கூடும். குருதிச் சோதனை ஒன்றானே ஐயம் நீங்கற்பாலதாக, அதனை மறுத்தல் எவ்வாற்றான் அறமாம்? அம்மருந்தும் நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்தே செய்யப்படுகின்றது. ஊன்பசையாலாய உறையுடைய குளிகையை விலக்கி, அஃதில்லாததைக் கேட்டுப் பெறுதலும் இயலும்.

உணவு மனத்தைத் தாக்குமென்றல் சித்தாந்தத்திற்கு முரணாமோவெனின், ஆகாது. மனம் மாயையின் காரியம், சடம், உயிருக்குக் கருவி. எண்ணெய் வற்றிய விளக்கு மங்குதல்போல, ஊட்டமற்ற உடம்பிற் கருவியுஞ் சோரும். அச்சோர்வு உயிரின் குற்றமுமன்று, பத்தியின் குறைவுமன்று.

உணவொன்றே மருந்தென்றலும் மிகையாம். 2017-இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வொன்றில், மனச்சோர்வுற்ற 67 பேருள் உணவைத் திருத்தும் அறிவுரை பெற்றாருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் 12 வாரங்களில் நோய் தணிந்தனர். பேச்சுத்துணை மட்டும் பெற்றாருள் அங்ஙனமாயினார் நூற்றுக்கு எண்மர். அவ்வுணவு முழுத்தானியம், பயறு, காய், கனி, கொட்டைகள் மிக்கது. மீனும் ஊனும் அளவிற் கொண்டது. அவருட் பலர் முன்னரே மருத்துவமும் பெற்று வந்தவர். ஆகலின் இரு சாராரும் அதனைத் தம் கொடியாக உயர்த்தற்கு இடமின்று. உணவும் மருத்துவமும் ஒன்றற்கொன்று துணையென்பதே அதனாற் பெறப்படும்.

ஆதலால், ஊனை மறுத்தல் அருள்பற்றியதேயன்றி உவகைபற்றிய வாணிகமன்று. அவ்வருளைப் பிறவுயிர்கட்குச் செய்வார், தம் மனையிற் சோர்ந்திருப்பார்க்கும் அதனைச் செய்யக் கடவர். அவர் கலத்திற் பருப்பும் கீரையும் தயிரும் நிறைய இடுக. சோர்வு நீங்காதாயின் மருத்துவரிடத்து அழைத்தேகுக. அதுவே கொல்லாமையின் நிறைவாமென்க.